ராஜமலைக்கு ஒரு ரவுண்டு: சிலபஸில் இல்லாத ஒரு பாடம்



போன இதழில் செமஸ்டர் பரபரப்பில் எழுத முடியவில்லை. அதற்கு வட்டியும் முதலுமாக இந்த முறை கொஞ்சம் நீளமான கட்டுரை. டூர் கட்டுரைதானே, போட்டோ பார்த்துவிட்டு ஸ்க்ரோல் பண்ணிடலாம் என்று நினைக்காதீர்கள். சிவில், மெக்கானிக்கல், ஈ.சி.ஈ. மூன்று பேருக்கும் இதில் ஆளுக்கொரு பாடம் இருக்கிறது. கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.

முதலில் ஒரு கேவலமான கதையோடு ஆரம்பிக்கிறேன். மூன்றாம் வருஷம், பிப்ரவரி மாதம், ஐ.வி. என்ற பெயரில் மூணாறுக்குப் போனோம். தேயிலைத் தொழிற்சாலையை நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு, எல்லாரும் ஆவலோடு இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். கேட்டில் போர்டு: “பூங்கா மூடப்பட்டுள்ளது.” விசாரித்தால், வரையாடுகள் குட்டி போடும் காலம், ஏப்ரலில்தான் திறப்பார்கள் என்றார்கள்.

“என்னது! நாலு ஆடு குட்டி போடறதுக்காக ஒரு பார்க்கையே இழுத்து மூடுவாங்களா?” என்று பஸ்ஸே அதிரும்படி கத்தியது யார் தெரியுமா? அடியேன்தான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் ஹீரோ. எட்டு மாதம் கழித்து, அக்டோபரில், ஆறு பேராக மறுபடியும் போனோம். திரும்பி வரும்போது அந்த ஜோக்கை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இடம் எங்கே இருக்கிறது?

இரவிகுளம் தேசியப் பூங்கா கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்ட அதிகாரிகள் வேட்டையாடிய நிலம். பிறகு அவர்களே சங்கம் வைத்துப் பாதுகாத்தார்கள். காட்டைக் காவல் காத்தவர்கள் முதுவர் பழங்குடி மக்கள். 1971-ல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை மீட்டது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. கேரளாவின் முதல் தேசியப் பூங்கா இதுதான். இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதற்குள்தான் நிற்கிறது.

நாம் டிக்கெட் எடுத்துப் போவது ராஜமலை என்ற சின்னப் பகுதிக்கு மட்டும். மூணாறிலிருந்து மறையூர் போகும் சாலையில் நுழைவாயில். அங்கிருந்து சொந்த வண்டி போகாது, வனத்துறை பஸ்தான். மேலே இறக்கிவிட்டதும், போட்டிருக்கும் பாதையில் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டும். “ஆனைமுடி உச்சிக்கு ட்ரெக்கிங் போலாமா ப்ரோ?” என்று கேட்காதீர்கள். இந்த டிக்கெட்டுக்கு அது கிடையாது.

நாங்கள் போனது உடுமலைப்பேட்டை வழி. இந்த வழியையே நான் சிபாரிசு செய்வேன். சின்னாறில் முள்ளுக்காடு, வெயில் மண்டையைப் பிளக்கும். அது மழைமறைவுப் பகுதி. மறையூரில் சந்தன மரங்கள். அதைத் தாண்டியதும் தேயிலை, பனி, குளிர். பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் ஒரு வரியில் படித்த ‘மழைமறைவுப் பிரதேசம்’ என்ற சொல்லை, 85 கிலோமீட்டர் அளவில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். இருட்டுவதற்குள் செக்போஸ்ட்டைத் தாண்டிவிடுங்கள். யானை ரோட்டில் நிற்கும்போது ஹாரன் அடிக்கிற கெத்து எல்லாம் வேண்டாம்.

கணக்கு 1: ஸ்வெட்டர் எடுக்கலாமா, வேண்டாமா?

உயரம் கூடக்கூட வெப்பநிலை குறையும். சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி. உடுமலை ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராஜமலை 2,000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 1,650 மீட்டர். பெருக்கினால் பத்து, பதினொரு டிகிரி வருகிறது. உடுமலையில் 33 டிகிரி என்றால், மேலே 22. “22 தானே, ஏ.சி. ரூம் மாதிரி” என்று டீ ஷர்ட்டோடு வந்த நம் நண்பர் ஒருவர், காற்றையும் சாரலையும் கணக்கில் சேர்க்கவில்லை. பஸ்ஸில் விரித்திருந்த துண்டைப் போர்த்திக்கொண்டுதான் எல்லா போட்டோவிலும் நிற்கிறார்.

இன்னொன்று, அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ‘டீ சூடே இல்லையே’ என்று கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். தப்பு அவர் மேல் இல்லை, காற்றழுத்தத்தின் மேல்.

கணக்கு 2: ஆடு ஏன் விழவில்லை?

வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ‘வரை’ என்றால் மலை. சங்க இலக்கியத்தில் இதற்கு ‘வருடை’ என்று பெயர். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் மட்டும்தான் இருக்கிறது. 2025-ல் இரண்டு மாநிலமும் சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணியபோது மொத்தமே 2,668. நம் காலேஜில் படிக்கிறவர்கள் எண்ணிக்கை அளவுதான். அதில் 800-க்கும் மேல் இந்த ஒரே பூங்காவில் இருக்கின்றன. இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த ஒரு மலையில் ஒரு வருஷக் குட்டிகள் பிழைக்கவில்லை என்றால், அது உலகக் கணக்கிலேயே தெரியும். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான். கூட்டமும் சத்தமும் சேர்ந்து தாயை விரட்டினால், குட்டி தனியாக நிற்கும். என் ஜோக் எனக்கே கசந்த முதல் இடம் இதுதான்.

பாறைச் சரிவில் அது நிற்கும் அழகை மெக்கானிக்கல் மக்கள் பார்க்க வேண்டும். சாய்வுத் தளத்தில் ஒரு பொருள் வழுக்காமல் நிற்க, உராய்வுக் கெழு அந்தச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முதல் வருஷம் படித்ததுதான். 45 டிகிரி சரிவு என்றால் கெழு 1 வேண்டும். ஈரப் பாறையில் நம் ஷூவுக்கு அது வராது. மலையில் வாழும் ஆட்டு இனங்களுக்குக் குளம்பின் ஓரம் கெட்டியாக இருக்கும், நடுவில் மெத்தென்ற பகுதி இருக்கும். ஓரம் சின்ன விளிம்புகளைப் பிடிக்கும், நடுப்பகுதி பாறையோடு ஒட்டும். பிராண்டட் ஷூ போட்டுக்கொண்டு நடைபாதையிலேயே வழுக்கின எங்களைப் பார்த்து ஒரு பெரிய ஆண் ஆடு, முதுகில் வெள்ளைப் பட்டையோடு, அசையாமல் நின்றுகொண்டிருந்தது. வைவாவில் எக்ஸ்டர்னல் பார்க்கிற அதே பார்வை.

அந்த ஆடுகள் மனிதர்களுக்குப் பழகிவிட்டன. கிட்டே வரும். சிப்ஸ் பாக்கெட்டை நீட்டாதீர்கள், தொடாதீர்கள். ஒரு காட்டு விலங்கு நம் கையை எதிர்பார்க்க ஆரம்பித்தால், அதன் பிறகு அது பாறையை நம்பாது, ரோட்டைத்தான் நம்பும்.

கணக்கு 3: புல்லும் சோலையும் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்

மேலே போனதும் முதலில் கண்ணில் படுவது ஒரு விசித்திரம். மலை முழுக்கப் புல். மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகக் குட்டையான காடு. நடுவில் கோடு போட்டது மாதிரி எல்லை. இந்தக் காட்டுக்குப் பெயர் சோலை. ‘ஏன் மரம் நடாமல் விட்டிருக்கிறார்கள்?’ என்றுதான் எனக்கும் தோன்றியது. அது நடாமல் விட்ட இடமில்லை, இயற்கையாகவே புல்வெளி.

குளிர்கால இரவில் வானம் தெளிவாக இருந்தால், திறந்த புல்வெளி தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்துக்கு இழந்துவிடும். உறைபனி விழும். சோலை மரக் கன்று அதில் கருகிவிடும், புல் தாங்கிக்கொள்ளும். ஆகவே புல் இருக்கும் இடத்தில் புல்லே தொடரும். சோலைக்குள் மேலே இலைக்கூரை இருப்பதால் வெப்பம் அவ்வளவு வெளியேறாது. கன்று பிழைக்கும். ஆகவே சோலை இருக்கும் இடத்தில் சோலையே தொடரும். தீ, காற்று, மண்ணின் ஆழம் என்று வேறு காரணங்களும் சேரும். ஆனால் அடிப்படை இதுதான்: ஒரே மலைக்கு இரண்டு நிலையான நிலைகள். எந்த நிலையில் இருக்கிறதோ அதை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். ஈ.சி.ஈ. மக்களே, இதை நாம் டிஜிட்டல் லேபில் என்ன பெயரில் கூப்பிடுவோம்?

நீலகிரியிலும் பழனி மலையிலும் ‘சும்மா கிடக்கும் புல்’ என்று நினைத்து சீகை, யூகலிப்டஸ், பைன் எல்லாம் நட்டு வைத்தார்கள். இன்றைக்கு அவற்றை அகற்றப் படாத பாடு படுகிறார்கள். இரவிகுளத்தின் பெரும்பகுதி தப்பித்தது. அதனால்தான் ஆடும் தப்பித்தது. குறிஞ்சியும் தப்பித்தது. நீலக்குறிஞ்சி இங்கே 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அடுத்து 2030. அப்போது நம் பேட்ச் எங்கெங்கே இருக்குமோ! இப்போதே காலண்டரில் போட்டு வையுங்கள்.

கணக்கு 4: ஒரு மாபெரும் கெப்பாசிட்டர்

என் ஊர் தாராபுரம். எங்கள் ஆறு அமராவதி. சின்ன வயதில் ‘ஆறு அணையிலிருந்து வருது’ என்று சொல்லித்தான் வளர்ந்தேன். அணைக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டதே இல்லை. ராஜமலையில் நிற்கும்போதுதான் தெரிந்தது. இந்தப் பூங்காவின் மேற்குப் பக்க ஓடைகள் பெரியாறுக்குப் போகின்றன. கிழக்குப் பக்க ஓடைகள் பாம்பாறில் சேர்ந்து, அமராவதி அணைக்கு வந்து, தாராபுரம் வழியாகக் கரூர் தாண்டிக் காவிரியில் கலக்கின்றன. கேரளாவில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்றுதான். அதில் ஒன்று இந்தப் பாம்பாறு.

ரெக்டிஃபையர் சர்க்யூட்டில் கெப்பாசிட்டர் என்ன செய்கிறது? விட்டு விட்டு வரும் மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சீராக வெளியே விடுகிறது. சோலையும் புல்லும் அதைத்தான் செய்கின்றன. இரண்டு, மூன்று மாதம் கொட்டும் மழையை மட்கு நிறைந்த மண்ணில் வாங்கி வைத்து, மழை நின்ற பிறகும் கசியவிடுகின்றன. மழையே இல்லாத நாளில் ஓடையில் தண்ணீர் ஓடுவது இதனால்தான். ‘நாலு ஆட்டுக்காக’ மூடின கேட், எங்கள் வீட்டு வயலுக்கும் சேர்த்துத்தான் மூடியிருக்கிறது. நான் அன்றைக்கு யாரைக் கிண்டல் செய்தேன் என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்கு 5: இதில் சிரிக்க ஒன்றுமில்லை

கெப்பாசிட்டருக்கு ஒரு எல்லை உண்டு. மண்ணுக்கும் உண்டு.

மூணாறிலிருந்து மறையூர் பஸ்ஸில் போகும்போது, பக்கத்து சீட்டில் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு அவரே பேச்சுக் கொடுத்தார். “எங்க, ராஜமலைக்கா? ஆடு பாக்கவா?” ஆமாம் என்றோம். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அதுக்கு அந்தாண்டதான் பெட்டிமுடி” என்றார். எங்களில் ஒருவன், “அங்க வியூ பாயின்ட் இருக்காக்கா?” என்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை.

நண்பர்களே, உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலைச்சரிவு தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மேல் இறங்கியது. எல்லாரும் தூங்கப் போயிருந்த நேரம். 70 பேர் இறந்தார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள். அந்த ஒரு நாளில் அங்கே பெய்த மழை 600 மில்லிமீட்டரைத் தாண்டியது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது சராசரியாக 1,400 மி.மீ. அளவுதான்.

சிவில் மக்களுக்கு டெர்சாகியின் சூத்திரம் நினைவிருக்கும். மண்ணைத் தாங்கும் உண்மையான அழுத்தம் = மொத்த அழுத்தம் − துளைநீர் அழுத்தம். மழை தொடர்ந்து பெய்தால் மண் துகள்களுக்கு நடுவே நீர் நிரம்பி, துளைநீர் அழுத்தம் ஏறும். துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும் பிடி தளரும். ஒரு கட்டத்தில் சரிவு தன் எடையையே தாங்க முடியாமல் கிளம்பும். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. அந்த இரண்டு மார்க்கை எழுதிவிட்டு அடுத்த பக்கம் திருப்பியிருக்கிறேன்.

பஸ் நுழைவாயிலை நெருங்கும்போது அக்காவே மறுபடியும் பேசினார். “டவர் இருந்துச்சு தம்பி. கரண்டு இல்ல. யாருக்கும் போன் போகல. விடிஞ்சப்புறம்தான் வெளியில தெரிஞ்சுச்சு.” அவ்வளவுதான். “பாத்துப் போங்க, வழுக்கும்” என்று சொல்லி எங்களுக்கு வழி விட்டார்.

நான் ஈ.சி.ஈ. நான்கு வருஷமாக ஆன்டெனா, மாடுலேஷன், 5ஜி என்று படிக்கிறேன். அந்த இரவில் தேவைப்பட்டது 5ஜி இல்லை. மழையிலும் சாகாத ஒரு பேட்டரி. ஒரே ஒரு செய்தியைக் கீழே கொண்டுபோகும் ஒரு இணைப்பு. மழை ஒரு அளவைத் தாண்டியதும் “வீட்டை விட்டு வெளியே வாங்க” என்று ஊளையிடும் ஒரு சைரன். மூன்றுமே நம் லேபில் இருக்கும் பொருட்கள்தான். மேலே போய்ச் சேர்ந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? போனைத் தூக்கிப் பிடித்து, ஸ்டோரி போட சிக்னல் தேடினோம். அக்கா சொன்னது நினைவுக்கு வந்து ஒவ்வொருவராகக் கையை இறக்கினோம்.

போகப் போகிறீர்களா? இதை மனதில் வையுங்கள்

பிப்ரவரி, மார்ச்சில் திட்டம் போடாதீர்கள். வரையாட்டுப் பிரசவத்துக்காக வழக்கமாக மூடும் காலம் அதுதான். சரியான தேதியை வனத்துறை ஒவ்வொரு வருஷமும் அறிவிக்கும். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம்.

காலையிலேயே போங்கள். மதியத்துக்கு மேல் பனி மூடினால், ஆனைமுடி இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

பிளாஸ்டிக் கவர், பாக்கெட் எதுவும் வேண்டாம். ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ரெயின்கோட், பிடிப்பான ஷூ கட்டாயம்.

பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள். ‘ஒரே ஒரு ரீல்’ என்று ஆரம்பிப்பதுதான் தடமாகும், தடம் ஓடையாகும், ஓடை மண்ணை அரிக்கும்.

தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போது ஆரஞ்சு, ரெட் அலர்ட் வந்தால் ட்ரிப்பை கேன்சல் செய்யுங்கள். ஹோட்டல் அட்வான்ஸ் போனால் போகட்டும். அந்த ரோட்டில் அன்றைக்கு ஆம்புலன்ஸ்தான் போக வேண்டும், நம் டெம்போ டிராவலர் இல்லை.

கடைசியாக, அங்கே யாராவது பெட்டிமுடி என்று சொன்னால், வியூ பாயின்ட்டா என்று கேட்காதீர்கள்.

வீட்டுப்பாடம்

ஒன்று: உங்கள் ஊர் ஆறு எந்த மலையில் தொடங்குகிறது? அந்த மலையில் இப்போது இருப்பது புல்லா, சோலையா, தேயிலையா, ரிசார்ட்டா? மேப்பில் ஆற்றை எதிர்த்திசையில் விரலால் தேய்த்துக்கொண்டே போய்ப் பாருங்கள்.

இரண்டு: ஒரு மழைமானி, ஒரு சின்ன ரேடியோ, ஒரு சோலார் பேனல், ஒரு பேட்டரி. ஒரு வாரம் வெயிலே வராத மலையில் இது தாங்க எவ்வளவு ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும்? குளிரில் பேட்டரியின் திறன் குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது கேள்வி சும்மா கேட்டதில்லை. எங்கள் டீம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாக முதலில் எழுதிக் கொடுத்தது ‘ஸ்மார்ட் டஸ்ட்பின்’. டூர் முடிந்து வந்ததும் தலைப்பை மாற்றிக் கேட்டோம். “ஏம்பா, எல்லாரும் போன வருஷம் பண்ணினதைப் பண்ணுறாங்க, உங்களுக்கு என்ன?” என்று கைடு கேட்டார். பெட்டிமுடி கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பேட்டரி கணக்கை மொதல்ல சரியாப் போட்டுட்டு வாங்க” என்றார்.

மூன்று தடவை போட்டோம். மூன்று தடவையும் ஐந்தாம் நாள் இரவு செத்துவிடுகிறது. மலையில் மழை ஐந்து நாளோடு நிற்காது. யாருக்காவது வழி தெரிந்தால், ஈ.சி.ஈ. பிளாக் இரண்டாம் மாடி லேபுக்கு வாருங்கள். டீ எங்கள் செலவு. நூறு டிகிரியில் கொதித்த டீ.